ராணியை எரித்தது யார்?

தோழர்களே! ஆரணிக்குத் தெற்கே செஞ்சிக் கோட்டை. வடக்கே பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை. இந்த இரண்டு ஊர்களையும் ஒரு பெண்ணின் சிதை இணைக்கிறது. “புருஷனோடு உடன்கட்டை ஏறிய பத்தினி” என்று அவளைப் புகழும் கனவான்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

நடந்தது என்ன? 1714ல் செஞ்சியை ஆண்ட சொரூப்சிங் இறந்தான். அவன் மகன் தேஜ்சிங், நம் ஜனங்கள் பாடுகிற தேசிங்கு ராஜா, பட்டத்துக்கு வந்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கப்பப் பாக்கியைக் கேட்டான். தேசிங்கு மறுத்தான். அக்டோபரில் சண்டை மூண்டது. தேசிங்கு மாண்டான். அவனுக்காகப் போரிட்ட நண்பன் மகபத்கானும் மாண்டான். தேசிங்கின் இளம் மனைவி சிதையில் எரிந்தாள்.

அந்தக் கப்பம் யாருடைய பணம்? களத்தில் நெல்லைக் குவித்த உழவனுடைய பணம்! அதைச் செஞ்சி தின்பதா, ஆற்காடு தின்பதா என்பதே சண்டை. இதை ஹிந்து–முஸ்லிம் சண்டை என்று திரிப்பவர்கள் மகபத்கான் எந்தப் பக்கம் நின்று செத்தான் என்று சொல்லட்டும்!

இந்த வழக்கில் அந்தப் பெண்ணுக்கு என்ன பங்கு? கோட்டை அவளுடையதல்ல, கஜானா அவளுடையதல்ல. நெருப்பு மட்டும் அவளுடையதாம்!

“தானே விரும்பித்தான் ஏறினாள்” என்கிறார்கள் கனவான்கள். பட்டினியா, அரைக்கூலியா, ஒன்றைப் பிடித்துக்கொள் என்று மிராசுதார் சொன்னால் அதற்கு விருப்பம் என்றா பேர்? விதவைக்குச் சிதையை விட்டால் வேறு மானமில்லை என்று பிரபுத்துவம் விதித்துவிட்ட பிறகு, அவள் விருப்பத்தைக் கேட்டவன் யார்?

அவள் நினைவாக ராணிப்பேட்டைக்குப் பேர் வைத்தவன் அந்த நவாப்தான் என்கிறது சரித்திரம். கொன்றவனே கும்பிட்டான்! பேர் வைக்கக் கஜானாவில் காசு குறையாதே! அந்தப் பேரையும் பாருங்கள். கதைப்பாட்டில் குதிரைக்குக்கூடச் சொந்தப் பேர் உண்டு. அவளுக்கோ ‘ராணிபாய்’. அது பட்டம், பெற்றவள் கூப்பிட்ட பேர் அல்ல.

பழங்கதை என்று தள்ளாதீர்கள். உடன்கட்டையை 1829ல் வங்காளத்திலும் 1830ல் சென்னை ராஜதானியிலும் தடை செய்தார்கள். ஆனாலும் 1987ல் ராஜஸ்தானில், தேவ்ராலா கிராமத்தில், 18 வயது ரூப் கன்வர் எரிந்தாள். அதைப் புகழ்வதே குற்றம் என்று அதே ஆண்டு மத்தியச் சட்டம் வந்தது. புகழ்ந்ததாக வழக்கில் நின்ற எட்டுப் பேரை 2024 அக்டோபரில் ஜெய்ப்பூர் கோர்ட் விடுதலை செய்தது. ராஜா போனான், நவாப் போனான். புகழ்கிற கூட்டம் போகவில்லை!

ஏன் புகழ்கிறார்கள்? சத்தமில்லாமல் சாகிற பெண் தெய்வமானால், சத்தமில்லாமல் உழைக்கிற பெண் நல்லவளாகிவிடுவாள் அல்லவா? ஆரணித் தறிவீட்டில் அவள் தார் சுற்றுகிறாள், பாவு பிணைக்கக் கூடமாட நிற்கிறாள். கூலியோ புருஷன் பேரில் எழுதப்படுகிறது. சம வேலைக்குச் சம கூலி என்று 1976லேயே சட்டம் வந்தும், வயலில் ஆண் கூலி வேறு, பெண் கூலி வேறு!

தோழர்களே, நம் பெண்களின் சொந்தப் பேர் கூலிப் புத்தகத்தில் ஏறட்டும். சங்கத்தின் பதிவேட்டிலும் ஏறட்டும். செத்தவளுக்குப் பேட்டை வேண்டாம். உயிரோடிருப்பவளுக்குக் கூலி வேண்டும்!