மிதப்பதற்கு அல்ல, கேட்பதற்கு

சொல்லில்லாத இசைக்கு எதிரிகள் இரு வகையினர். "பாட்டே இல்லையே, வெறும் இரைச்சல்" என்று எழுந்து போய்விடுபவர் முதலாமவர். "கண்ணை மூடிக்கொள், விண்வெளியில் மித" என்று உபதேசிக்கும் இரசிகர் இரண்டாமவர். முதலாமவரை மன்னித்துவிடலாம், தமக்குப் பிடிக்கவில்லை என்பதை அவர் நேர்மையாகச் சொல்கிறார். கேளாமலிருப்பதையே இரசனையென்று போதிக்கும் இரண்டாமவர்தான் அபாயகரமானவர்.

'ஸ்பேஸ் றொக்' என்னும் வகையில் ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். மேற்கு பேர்லினைச் சேர்ந்த ஆஷ் ரா டெம்பல் குழு 1971 இல் வெளியிட்ட முதலாவது தட்டு அது. கிற்றாரில் மனுவல் கொட்ஷிங், பேஸில் ஹார்ட்முட் எங்கே, றம்ஸில் கிளவுஸ் ஷூல்ட்சே என மூன்றே பேர். ஒலிப்பொறியாளர் கொன்னி பிளாங்க். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே உருப்படிகள். பாடல் வரி என்று எதுவும் கிடையாது. பதிவின்போது கொட்ஷிங்குக்கு வயது 18.

முதற்பக்கத்தின் பெயர் 'அம்போஸ்'. ஜேர்மன் மொழியில் பட்டடைக்கல் என்று பொருள். தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுமே நிகழ்வதில்லை. தாளத்தட்டின் அதிர்வும் கிற்றாரின் நீண்ட ரீங்காரமும் மட்டும் மெல்லப் பருக்கின்றன. பின்னர் றம்ஸ் நுழைகிறது. மிதப்பவர் இதனை 'ஓர் அலை' என்று சொல்லிக் கடந்துவிடுவார். கூர்ந்து கேட்பவருக்கோ மூவரின் வாக்குவாதம் கேட்கும். கிற்றார் ஓடப் பார்க்கிறது, றம்ஸ் துரத்துகிறது, பேஸ் தரையை விட்டு அசைய மறுக்கிறது. பட்டடைக்கல் என்ற பெயர் அப்போதுதான் விளங்கும். இது உறக்கத்துக்கான இசையா?

மறுபக்கம் 'ட்ரவும்மஷீனே', கனவு இயந்திரம். 25 நிமிடங்களுக்கு மேல் நீளும் இதில் நெடுநேரம் தாளமே இல்லை. ஒலி கூடுவதும் குறைவதுமே இங்கு நிகழ்ச்சி. அரை மணி நேர இராக ஆலாபனையைச் சபையில் அசையாமல் அமர்ந்து கேட்கும் நம்மவர், இதனை மட்டும் "நீளம் அதிகம்" என்று குறைகூறுவது எந்த நியாயம்?

போருக்குப் பின் வளர்ந்த அந்தத் தலைமுறை, வானொலியில் ஒலித்த இனிப்பான ஜேர்மன் மெல்லிசையை நிராகரித்தது. அமெரிக்க புளூஸை நகலெடுக்கவும் விரும்பவில்லை. தனக்கென ஒரு மொழியைத் தேடிய அதன் முயற்சிக்குப் பிரித்தானிய இசைப் பத்திரிகைகள் சூட்டிய பெயர் 'கிறவுட்றொக்'. 'கிறவுட்' என்பது ஜேர்மனியரை ஏளனம் செய்யும் சொல். கேட்பதற்குச் சோம்பற்பட்டவர்கள் பெயர் சூட்டுவதற்கு மட்டும் சோம்பற்படுவதில்லை.

இந்த வகையில் குப்பை இல்லையா? தாராளமாக உண்டு. ஒரே சுருதியை நீட்டி, எதிரொலியைக் கூட்டி, உறையில் ஒரு கோளின் படத்தை ஒட்டி விற்றவர்கள் பலர். ஆனால், கண்மூடி மிதப்பவரால் நல்லதையும் குப்பையையும் பிரித்தறிய முடியாது. அவருக்கு இரண்டும் ஒரே மேகம். இந்தக் கலைக்கு நேரும் மிகப் பெரிய அநீதி இதுவே.

இக்குற்றச்சாட்டிலிருந்து என்னை நான் விடுவித்துக்கொள்ளவில்லை. பத்திரிகைப் பணிக்காலத்தில், அச்சுக்குப் போகும் அவசரத்தில், பாதி கேட்ட தட்டுக்கு முழு விமர்சனம் எழுதியவன் நான். 'மயக்கும் இசை' என்ற தொடர் அப்போது கைகொடுத்தது. கேளாததை மறைக்க அதைவிட வசதியான தொடர் வேறில்லை. பேட்டி கொடுத்தவரின் பேச்சைப் பாதி கேட்டுச் செய்தி எழுதுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மூவரும் இன்று உயிரோடில்லை. எங்கே 2005 இலும், ஷூல்ட்சேயும் கொட்ஷிங்கும் 2022 இலும் மறைந்தனர். அஞ்சலிக் குறிப்புகள் போதும். விளக்கை அணைக்காமல், நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, 45 நிமிடங்கள் இத்தட்டைக் கேளுங்கள். அதன் பிறகும் இரைச்சல் என்றே தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். கேட்டவரின் வசைக்கு மதிப்புண்டு. கேளாதவரின் புகழ்ச்சிக்கு அது கிடையாது.