ஃபார்மட் அடிச்சா போதுமா? வைரஸ் வந்த லேப்டாப்பும் உங்க பேங்க் அக்கவுன்ட்டும்



எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், டேக்ஸ் ரெஜிம்னு பேசுற இடத்துல வைரஸைப் பத்தி என்ன பேச்சுன்னு கேட்கலாம். உங்க வீட்டு லேப்டாப்பை ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. சம்பள அக்கவுன்ட்டோட நெட் பேங்கிங், டீமேட், பிஎஃப், இன்கம் டேக்ஸ் லாகின், எல்லாம் அதுலதான் திறக்குறீங்க. பாஸ்வேர்டு எல்லாம் பிரவுசர்ல சேவ் ஆகியிருக்கு. டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல ஃபார்ம் 16, பான் கார்டு, ஆதார் பிடிஎஃப் தூங்கிட்டு இருக்கு. பீரோவுக்குப் பூட்டு போடுற நாம, இதுக்கு என்ன போட்டிருக்கோம்?

இந்த டாபிக்ல எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி, "எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் ப்ரோ?" என்னைக் கேட்டா, பெரும்பாலானவங்க எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸ்கூடவே வர்ற டிஃபெண்டர், வீட்டு உபயோகத்துக்குத் தாராளமா போதும். கேட்க வேண்டிய கேள்வி வேற: வைரஸ் வந்துட்டா எதை முதல்ல செய்யணும்? இதுலதான் நிறைய பேர் வரிசையைத் தலைகீழா பிடிக்கிறாங்க. லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிட்டுப் போறாங்க, ஃபார்மட் அடிச்சு வாங்கிட்டு வர்றாங்க, அதே பாஸ்வேர்டுல அதே நெட் பேங்கிங்கைத் திறக்குறாங்க. மெஷின் சுத்தம்தான். ஆனா திருடு போன பொருள் ஏற்கெனவே வெளியே போயிடுச்சே!

பழைய காலத்து வைரஸ் கம்ப்யூட்டரைக் கெடுக்கும். ஸ்லோ ஆகும், ஃபைல் காணாம போகும், நமக்கும் தெரிஞ்சுடும். இப்ப நம்ம பணத்துக்கு உலை வைக்கிறது இன்ஃபோஸ்டீலர்ங்கிற வகை. இது சத்தமே போடாது. பிரவுசர்ல சேவ் பண்ண பாஸ்வேர்டு, கார்டு விவரம், குக்கீஸ், எல்லாத்தையும் நிமிஷக் கணக்குல சுருட்டி அனுப்பிடும். சிலது வேலை முடிஞ்சதும் தன்னையே அழிச்சுக்கும். லும்மான்னு ஒண்ணு இருந்துச்சு. 2025 மார்ச் 16-லேர்ந்து மே 16 வரை, ரெண்டே மாசத்துல, உலகம் முழுக்க 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்கள்ல அது இருந்ததா மைக்ரோசாஃப்ட் சொல்லுச்சு. கோர்ட் உத்தரவு வாங்கித்தான் அதோட டொமைன்களை முடக்கினாங்க.

இதுல குக்கீஸ்தான் மோசம். நீங்க ஜிமெயில்ல ஒரு தடவை லாகின் பண்ணா, அடுத்த தடவை பாஸ்வேர்டு கேட்காம உள்ளே விடுது இல்லையா? அந்த அனுமதிச் சீட்டுதான் குக்கீ. அது திருடன் கைக்குப் போனா அவன்கிட்டயும் பாஸ்வேர்டு கேட்காது, ஓடிபியும் கேட்காது. "நான்தான் டூ ஃபேக்டர் போட்டு வச்சிருக்கேனே"ன்னு நீங்க நிம்மதியா இருப்பீங்க. அவன் அந்தக் கதவு வழியா வரவே இல்லை.

அதனால சந்தேகம் வந்த உடனே வைஃபையை ஆஃப் பண்ணிட்டு லேப்டாப்பை ஓரமா வைங்க. போனைக் கையில எடுங்க. முதல்ல மெயில் ஐடி. பேங்க் பாஸ்வேர்டுதானே முக்கியம்னு தோணும், ஆனா மெயில் அவன் கையில இருந்தா மத்த பல அக்கவுன்ட்டையும் "பாஸ்வேர்டு மறந்துட்டேன்"னு சொல்லியே திறந்துடலாம். பாஸ்வேர்டு மாத்துங்க, எல்லா டிவைஸ்லேர்ந்தும் சைன் அவுட் கொடுங்க. ரெக்கவரி நம்பர் உங்களோடதுதானான்னு பாருங்க. அப்புறம் ஜிமெயில் செட்டிங்ஸ்ல ஃபில்டர், ஃபார்வர்டிங் ரெண்டையும் பாருங்க (இது ஆப்ல முழுசா தெரியாது, நம்பிக்கையான வேற கம்ப்யூட்டர்ல பாருங்க). பேங்க் மெயில் வந்தா உடனே வேற ஐடிக்கு அனுப்பிட்டு டெலீட் பண்ற மாதிரி ஒரு ரூல் போட்டு வச்சிருப்பான். பாஸ்வேர்டு மாத்தினாலும் அது அப்படியே இருக்கும்.

அடுத்து நெட் பேங்கிங், டீமேட் பாஸ்வேர்டு. கார்டுக்கு பேங்க் ஆப்புல போய் இன்டர்நேஷனல் டிரான்சாக்ஷனை ஆஃப் பண்ணுங்க. நம்ம ஊர் சைட்ல ஓடிபி கேட்கும், வெளிநாட்டு சைட்கள்ல பல இடத்துல கேட்காது, கார்டு நம்பரும் சிவிவியும் போதும். இந்த ஆன்-ஆஃப் வசதியை 2020 அக்டோபர்லேர்ந்து எல்லா பேங்கும் கொடுத்தாகணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியாச்சு. ஃபாரின் டிரிப் போகாத நாள்ல அது ஏன் ஆன்ல இருக்கணும்னு எனக்குப் புரியலை.

பணமே போயிடுச்சுன்னா? பேங்குக்கும் 1930-க்கும் அந்த நிமிஷமே கூப்பிடுங்க. நேஷனல் சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் பதிஞ்சு நம்பர் வாங்கிக்கோங்க. ரிசர்வ் பேங்கோட 2017 ஜூலை 6 சர்க்குலர்படி, தப்பு உங்க மேலயும் இல்லை, பேங்க் மேலயும் இல்லைன்னா, தகவல் கிடைச்சு மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா உங்களுக்கு நஷ்டம் ஜீரோ. நாலுலேர்ந்து ஏழு நாள்னா சாதாரண சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்க தலையில விழும். உங்க அஜாக்கிரதைன்னு ஆயிட்டா, நீங்க பேங்குக்குச் சொல்ற வரைக்கும் போனது எல்லாமே உங்க கணக்குதான். கிராக் சாஃப்ட்வேர் போட்டு வந்த வைரஸ் இதுல எந்தப் பக்கம் சேரும்? பேங்க் கண்டிப்பா அஜாக்கிரதைன்னுதான் வாதாடும். நிரூபிக்கிற பொறுப்பு அவங்களோடதுன்னு அதே சர்க்குலர் சொல்லுது, அதை எழுத்துல கேளுங்க. இருந்தாலும் அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காம இருக்கிறது நல்லது.

இப்ப லேப்டாப்புக்கு வருவோம். முதல்ல அது நிஜமாவே வைரஸான்னு பாருங்க. ஸ்கிரீன் ஓரத்துல "உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ்"னு அடிக்கடி எட்டிப் பார்க்குதுன்னா, பாதி நேரம் அது ஏதோ ஒரு சைட்டுக்கு நீங்க நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்ததுதான். க்ரோம் செட்டிங்ஸ்ல அந்த சைட்டை நீக்கினா முடிஞ்சது. அதுல ஒரு போன் நம்பர் இருந்தா கூப்பிடாதீங்க. மைக்ரோசாஃப்ட் உங்களுக்கு அப்படி நம்பர் காட்டாது. கூப்பிட்டா எதிர்முனையில இருக்கிறவன் ரிமோட் ஆப் போடச் சொல்லுவான்.

தெரியாத எக்ஸ்டென்ஷனை எடுத்துட்டு, விண்டோஸ் செக்யூரிட்டிக்குள்ள டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்க. விண்டோஸ் முழுசா எழுந்துக்கிறதுக்கு முன்னாடியே தேடுறதால, ஒளிஞ்சிருக்கிறது மாட்ட வாய்ப்பு அதிகம். சுமார் 15 நிமிஷ வேலை. நம்ம அரசாங்கத்தோட சைபர் ஸ்வச்தா கேந்திராவும் இலவச டூல்ஸ் கொடுக்குது. நம்ம வரிப்பணத்துல நடக்குறது, யூஸ் பண்ணிக்கலாமே. ஆனா கிராக், கீஜென்னு எதையாவது நீங்களே ரன் பண்ணியிருந்தா ஸ்கேனை நம்பாதீங்க. டாக்குமென்ட், போட்டோ மட்டும் காப்பி எடுத்துட்டு (இன்ஸ்டாலர் ஃபைல் ஒண்ணுகூட வேண்டாம்) மொத்தமா அழிச்சுப் புதுசா போடுறதுதான் வழி. ஆபீஸ் லேப்டாப்னா இதுல எதையும் செய்யாம ஐடி டீமுக்குச் சொல்லுங்க, திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

புதுசா போடுறது யாருங்கிறதுல எனக்கு ஒரு பெரிய ஆதங்கம் இருக்கு. தெருமுனை சர்வீஸ் கடையில "ஐநூறு ரூபா கொடுங்க, எல்லாம் போட்டுத் தர்றேன்"னு சொல்லுவாங்க. அந்த "எல்லாம்"ல கிராக் பண்ண விண்டோஸ், ஆக்டிவேட்டர் போட்ட ஆபீஸ், போட்டோஷாப் வரைக்கும் இருக்கும். ஆக்டிவேட்டர் ஓடணும்னா முதல்ல டிஃபெண்டரை ஆஃப் பண்ணணும். ஆஃப் பண்ணதைத் திரும்ப ஆன் பண்ணினாங்களான்னு யார் பார்த்தா? வைரஸ் வந்த வழியையே காசு கொடுத்துத் திரும்பப் போட்டுக்கிறோம். எல்லாக் கடைக்காரரும் அப்படி இல்லை. கஸ்டமர் கேட்கிறதைத்தான் அவர் தர்றார், அதுவும் உண்மை.

இதுல வேடிக்கை என்னன்னா, கடையில விண்டோஸோட வாங்கின பிராண்டட் லேப்டாப்னா லைசென்ஸுக்கு நீங்க ஏற்கெனவே காசு கொடுத்தாச்சு. அந்தக் கீ மதர்போர்டுலயே பதிஞ்சு இருக்கும். வேற நல்ல கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட் சைட்லேர்ந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ்ல போட்டு, அதே எடிஷனை இன்ஸ்டால் பண்ணுங்க. நெட் கனெக்ட் ஆனதும் தானா ஆக்டிவேட் ஆகும். ஹோம் எடிஷனுக்கு உரிமையுள்ள லேப்டாப்ல கடைக்காரர் கிராக் பண்ண ப்ரோ எடிஷனைப் போடுறதுதான் நடக்குது. ஆபீஸுக்கு லிப்ரே ஆபீஸ் இலவசம், பிடிஎஃப் படிக்க பிரவுசரே போதும்.

விண்டோஸ் 10-ல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கான சப்போர்ட் முடிஞ்சது. நீட்டிக்கப்பட்ட அப்டேட் திட்டம் வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும்னுதான் அறிவிச்சாங்க. விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின்னா லினக்ஸ் போட்டுப் படம் பாருங்க, இல்லைன்னா புது லேப்டாப்புக்கு மாசாமாசம் ஒரு ஆர்டி போட ஆரம்பிங்க. போன் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறோம், பேங்க் வேலை நடக்குற மெஷினை பத்து வருஷம் ஓட்டுறோம்.

புதுசா போட்டப்புறம் தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத சாதா யூசர் அக்கவுன்ட் வச்சுக்கோங்க. தம்பி கேம் இறக்க அவனுக்குத் தனி அக்கவுன்ட், அவனுக்கும் அட்மின் வேண்டாம். "நான் ரோபோ இல்லை"ன்னு நிரூபிக்க விண்டோஸ் கீயும் ஆர்-உம் அமுக்கி எதையோ பேஸ்ட் பண்ணுன்னு ஒரு பக்கம் சொன்னா, உடனே மூடுங்க. லும்மா பரவின வழிகள்ல அதுவும் ஒண்ணு. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி மாசம் ஒரு தடவை பேக்கப் எடுத்துட்டுக் கழட்டி வைங்க. சொருகியே வச்சிருந்தா ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிடும்.

கடைசியா அந்த ஃபார்ம் 16, பான், ஆதார் காப்பி. பாஸ்வேர்டை மாத்தலாம், பான் நம்பரை மாத்த முடியாது. உங்க பேர்ல வேற யாராவது லோன் எடுத்தா ஸ்கோர்லதான் தெரியும். சிபில் உட்பட நாலு கிரெடிட் பீரோவும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமா தரணும். நாலையும் ஒரே நாள்ல வாங்காம மூணு மாசத்துக்கு ஒண்ணா வாங்குங்க. வருஷம் முழுக்க ஒரு கண் இருந்த மாதிரி ஆச்சு. உங்களுக்குத் தெரியாத என்கொயரி ஏதாவது கண்ணுல பட்டா, அந்த பீரோ சைட்லயே டிஸ்ப்யூட் போடலாம், அதுக்கும் காசு கிடையாது.