போர்டு மாறிடுச்சு... தெரு எப்போ மாறும்?



2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. தாம்பரம் மாநகராட்சிக்கு நடக்கிற முதல் தேர்தல். கொடி கட்டுறதுலயும் ஸ்டேட்டஸ் போடுறதுலயும் நீங்க எல்லாரும் பிஸியா இருப்பீங்கன்னு தெரியும். ஆனா இந்தப் பதிவை மட்டும் நிதானமா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. ஏன்னா வாசல்ல நிக்கிற மக்கள் கேட்கப்போற கேள்விக்கு நம்மகிட்ட பதில் இருக்கணும்.

இதுக்கு முன்னாடி நாம கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டது 2011 அக்டோபர்ல. அன்னிக்கு ஒண்ணாங்கிளாஸ் படிச்ச பிள்ளை 2022 பிப்ரவரியில பிளஸ் ஒன் படிக்குது! 2016-ல் நடக்க வேண்டிய தேர்தல் நின்னு போச்சு. அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கும் மேல தனி அலுவலர் நிர்வாகம்தான். தெருவிளக்கு எரியலைன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டுறதுன்னே தெரியாத காலம் அது.

இதுக்கு நடுவுல, 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்னு 5 நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலைன்னு 5 பேரூராட்சிகள். பத்தும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆச்சு. மொத்தம் 70 வார்டு. ஆபீஸ் வாசல்ல போர்டும் மாறிடுச்சு.

நம்ம வார்டு வேட்பாளர் அக்கா வீடு வீடா போய்ச் சொல்றது இதைத்தான்: போர்டு மாறுறது வளர்ச்சி இல்ல. எல்லை பெருசாகிற அளவுக்கு சேவையும் பெருசாகணும். அதுதான் வளர்ச்சி.

முதல்ல மழைத்தண்ணி

மாநகராட்சி பிறந்த அதே நவம்பர் மாசம் 11-ஆம் தேதி, தாம்பரத்தில் ஒரே நாள்ல 23 செ.மீ. மழை. புது மாநகராட்சி எழுதின முதல் பரீட்சை அதுதான். ரிசல்ட் என்னன்னு முழங்கால் தண்ணியில நின்னவங்களைக் கேட்டா சொல்லுவாங்க.

சிவில் படிச்ச தம்பிகளுக்கு இது நல்லாப் புரியும். லெவல் எடுக்காம கட்டின கால்வாய், கால்வாய் இல்ல, தொட்டி. தண்ணி அதுல தேங்கும், ஓடாது. நம்ம ஊர்ல கிழக்குப் பக்கம் சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளோட உபரி நீர் கடைசியில பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகணும். மேற்குப் பக்கம் பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை தண்ணி அடையாற்றைப் பிடிக்கணும். தண்ணிக்குத் தெரிஞ்சது மேடும் பள்ளமும்தான். நகராட்சி எல்லை, பேரூராட்சி எல்லை எல்லாம் அதுக்குத் தெரியாது.

இத்தனை வருஷமா என்ன நடந்துச்சு? ஒரு ஊர் கட்டின கால்வாய் அந்த ஊர் எல்லையோட முடிஞ்சிடும். "அதுக்கு மேல எங்க லிமிட் இல்லீங்க"ன்னு ஒரே வார்த்தையில கையைக் கழுவிடுவாங்க. இனிமே அந்தச் சாக்கு செல்லாது. பத்தும் ஒண்ணாயிடுச்சு. அதனால அக்கா கேட்கப்போற முதல் வேலை: 70 வார்டுக்கும் சேர்த்து ஒரே வடிகால் வரைபடம், ஏரியிலிருந்து ஆறு வரைக்கும். அதை முடிச்சிட்டு அப்புறம் டெண்டர் விடுங்க. தெருவுக்கு ஒரு துண்டு கால்வாய் கட்டி கல்வெட்டு வைக்கிற வேலை வேண்டாம்.

மாடி ஏறுது, குழாய் ஏறல

ஒரு கிரவுண்டுல ஒரு தனி வீடு இருந்த இடத்துல இன்னிக்கு ஆறு ஃபிளாட், எட்டு ஃபிளாட். வரட்டும், நல்லதுதான். நம்ம பிள்ளைகளுக்கும் வீடு வேணும். ஆனா அந்த எட்டு குடும்பத்துக்கும் குடிதண்ணி எங்கிருந்து? கழிவுநீர் போறது எங்க? பாதாள சாக்கடை வராத தெருவுல பதில் ஒண்ணுதான்: லாரி. தண்ணி கொண்டு வரவும் லாரி, கழிவை எடுத்துட்டுப் போகவும் லாரி. மாசா மாசம் மெயின்டனன்ஸ் கட்டுறவங்களுக்கு அந்தச் செலவு தெரியும்.

அக்கா வளர்ச்சியை எதிர்க்கல. எந்தத் தெருவுக்கு எந்த வருஷம் குடிநீர் இணைப்பு, எந்த வருஷம் பாதாள சாக்கடைன்னு ஒரு பட்டியல் போட்டு ஆபீஸ் வாசல்ல ஒட்டச் சொல்றாங்க. நாள் தள்ளிப்போனா காரணத்தையும் அதுலயே எழுதணும். இதுக்குப் பெரிய நிதி தேவையில்ல. மனசு இருந்தா போதும்.

வரி ஏறுமா?

இதுதான் வாசல்ல அதிகமா வர்ற கேள்வி. பேரூராட்சியா இருந்த பகுதிகள்ல இந்தப் பயம் இன்னும் ஜாஸ்தி. "ஏறவே ஏறாது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சொத்து வரியும் தண்ணி வரியும் இல்லாம எந்த மாநகராட்சியும் நடக்காது. அக்காவும் அப்படி ஒரு வாக்குறுதி கொடுக்கல.

அவங்க சொல்றது இதுதான்: மாநகராட்சி ரேட்டுல வரி கேட்கிறதுன்னா மாநகராட்சி தரத்துல சேவை வரணும். குழாய் வராத தெருவுக்கும் பத்து வருஷமா குழாய் இருக்கிற தெருவுக்கும் ஒரே கணக்கு போட்டா, அதை மன்றத்துல எழுந்து எதிர்ப்பாங்க. வார்டுல வசூலான வரி எவ்வளவு, வார்டுக்குச் செலவானது எவ்வளவுன்னு வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கு வைப்பாங்க.

குப்பை விஷயத்துலயும் இதே நியாயம்தான். கன்னடபாளையம் கிடங்கையும் பல்லாவரம் பெரிய ஏரியையும் பார்த்து வளர்ந்தவங்க நாம. ஒரு பகுதியோட குப்பையை இன்னொரு பகுதி தலையில கொட்டுறது தீர்வே இல்ல. வீட்டுலயே மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு பிரிச்சு வாங்கணும்னு 2016 விதியே சொல்லுச்சு. பிரிச்சுக் கொடுத்ததை ஒரே வண்டியில மறுபடி கலக்காம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சிடும்.

கிராமத்துக்கு இருக்கு, நமக்கு?

பக்கத்துல முடிச்சூர் ஊராட்சி மக்களுக்கு கிராம சபை இருக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு தேதி வெச்சு உட்கார்ந்து கணக்குக் கேட்கலாம். ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தா நமக்கு 2022 பிப்ரவரி வரைக்கும் அப்படி ஒரு சபை இருந்ததில்ல. நகரங்களுக்கும் வார்டு கமிட்டி, ஏரியா சபை வேணும்னு சட்டம் சொல்லுது, 2022 பிப்ரவரி வரைக்கும் அது நடைமுறைக்கு வரல. அரசு கூட்டுற வரைக்கும் காத்திருக்காம, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வார்டு மக்களைக் கூட்டி உட்காருவேன்னு அக்கா சொல்லியிருக்காங்க. இதுதான் இந்தத் தேர்தல்ல நம்ம பெரிய வாக்குறுதி.

இன்னொண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. மேயரை நாம நேரடியா தேர்ந்தெடுக்கப் போறதில்ல. 70 கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத்தான் மேயர் வர்றாங்க. அதனால "வார்டு தேர்தல்தானே"ன்னு யாரும் அலட்சியமா வீட்டுல இருந்துடாதீங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். கமெண்ட்ல மாற்றுக் கட்சி நண்பர்களோட மல்லுக்கட்டுற நேரத்துல அஞ்சு வீட்டுக்குப் போய்ட்டு வாங்க. நோட்டீஸ் கொடுத்துட்டு ஓடி வந்துடாதீங்க. அந்தத் தெருவுல என்ன குறைன்னு கேட்டு, எழுதி, வார்டு பொறுப்பாளர்கிட்ட கொடுங்க. பூத் ஸ்லிப் வராதவங்களுக்கு உதவி பண்ணுங்க.

இந்தப் பதிவை சேவ் பண்ணியும் வெச்சுக்கங்க. அக்கா ஜெயிச்சு ஒரு வருஷம் ஆனதும் இதை எடுத்து அவங்க முன்னாடி வைக்கிற முதல் ஆள் நம்ம கட்சிக்காரனாத்தான் இருக்கணும்.

பிப்ரவரி 19. காலை 7 மணிக்கே வரிசையில நில்லுங்க!

#தாம்பரம்மாநகராட்சி #நம்மவார்டுநம்மஉரிமை