பன்றிக்கு வைக்கும் சுருக்கு: கணக்கில் வராமல் போகும் இழப்பு

மக்காச்சோளம் பால் பிடிக்கத் தொடங்கிவிட்டால், காட்டோரத்து ஊர்களில் இருக்கும் டூ-வீலர் மெக்கானிக் கடைகளில் பழைய பிரேக் கேபிளுக்கு ஆள் வந்துவிடும். எதற்கு என்று கடைக்காரர் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை. இரவில் பன்றி நுழையும் வேலிச் சந்தில் சுருக்காகப் போவதற்குத்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

சுருக்கு வைப்பவர்களில் கறிக்காக வைப்பவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. விதை, உரம், ஆள்கூலி எல்லாம் போட்டு, கதிர் முற்றும் நேரத்தில் ஒரே இரவில் கால் ஏக்கரைப் பறிகொடுத்த விவசாயியைப் பற்றித்தான் பேச்சு. காட்டுப்பன்றி தின்பதைவிட மிதித்துச் சாய்ப்பது அதிகம். நிலக்கடலையில் காய் பிடித்துவிட்டால் மூக்கால் உழுது போட்டுவிடும். மரவள்ளி, மஞ்சள், வாழை, கரும்பு எதையும் விடுவதில்லை. ஒரு ஈற்றில் நான்கு முதல் எட்டுக் குட்டிகள் வரை போடக்கூடிய விலங்கு அது. புதரும் தண்ணீரும் பக்கத்திலேயே கிடைத்தால் காட்டுக்குத் திரும்ப வேண்டிய தேவையே அதற்கு இல்லை. ஓடைக் கரையில் மண்டிய சீமைக்கருவேலம் போதும், அங்கேயே குடும்பம் நடத்தும். ஆகவே விவசாயியின் கோபத்தில் தவறு இல்லை. சுருக்கு அந்தக் கோபத்தைத் தீர்க்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, பொறி வைப்பது, கண்ணி வைப்பது, அதற்கான முயற்சி எல்லாமே அடங்கும். "ஒன்றும் மாட்டவில்லையே" என்ற பதில் செல்லாது, கம்பி கட்டியதே குற்றம். 2022-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடித்தால் மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே கம்பியில் சிறுத்தையோ கரடியோ மாட்டினால் கதை மாறுகிறது. அவை முதல் அட்டவணை விலங்குகள். தண்டனை மூன்றாண்டில் தொடங்கி ஏழாண்டு வரை போகும்.

சிறுத்தை மாட்டுவது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். பன்றி போகும் தடத்திலேயே அதைத் தேடிச் சிறுத்தையும் வரும். இலங்கை மலையகத்தில் நல்லதண்ணி பக்கம் லக்ஸபான தோட்டத்தில், 2020 மே மாதம் காய்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் இருந்த சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. அந்நாட்டில் மிக அரிதாகவே கண்ணில் படும் விலங்கு. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. கழுத்திலோ இடுப்பிலோ விழுந்த கம்பி, விலங்கு திமிறத் திமிற இறுகிக்கொண்டே போகும். வெளியே சின்னக் காயமாகத் தெரிந்தாலும் உள்ளே தசை செத்திருக்கும். அவிழ்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பது பல நேரங்களில் நடப்பதில்லை. இன்னொன்று, அறுவடை முடிந்த பிறகு சுருக்கைக் கழற்ற யாருக்கும் நினைவிருப்பதில்லை. அடுத்த மாதம் அதில் மாட்டுவது பக்கத்துத் தோட்டத்து ஆடாகவோ உங்கள் வீட்டு நாயாகவோ இருக்கலாம்.

சுருக்கின் கூடப்பிறந்தவை இரண்டு: அவுட்டுக்காய், திருட்டு மின்வேலி. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பன்றிக்காகப் போட்டிருந்த மின்கம்பியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. அந்த ஆண்டிலேயே மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் சூரிய மின்வேலி போட இப்போது அனுமதி வேண்டும், முன்பே போட்டதையும் பதிவு செய்ய வேண்டும். மோட்டார் கொட்டகையிலிருந்து நேரடியாகக் கொக்கி போட்டால் வன வழக்கோடு மின்திருட்டு வழக்கும் சேரும். மனிதர் யாராவது பட்டு இறந்தால் அது வேறு வழக்கு. இரவில் மடை மாற்ற வந்து அப்படி இறந்தவர்கள் விவசாயிகள்தான்.

சட்டப்படி வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் அதில் ஓட்டையும் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஊர் அளவிலான குழு வழியாகக் கோரிக்கை போக வேண்டும், சுடுவதும் துறைதான், விவசாயி அல்ல. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே உத்தரவிட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுட முடிகிறது. அதையே இங்கும் கேட்கிறார்கள் நம் விவசாயிகள். ஆனால் விஷம், வெடி, மின்சாரம் ஆகியவற்றால் கொல்ல அங்கேயும் அனுமதி இல்லை. பன்றியைத் தீங்குயிராக அறிவிக்கக் கேரளம் கேட்டபோது ஒன்றிய அரசு மறுத்துவிட்டது.

என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் பலவீனம் முதல் கிலோமீட்டரில்தான். அடி அதிகம் வாங்குவது காட்டை ஒட்டிய நிலம், அங்கேதான் எந்த வழியும் திறக்கவில்லை. காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த விலங்கையும் வயலோரத்திலேயே பிறந்து வளர்ந்த விலங்கையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கிலோமீட்டர் கணக்கு. நோக்கம் புரிகிறது. ஆனால் பன்றிக்கு எல்லைக்கல் தெரியாது. இரண்டாவது வளையத்தில் கூட்டம் கூட்டமாகப் பிடித்து விடுவதும் எழுதுவதற்கு எளிது, ஆள் பற்றாக்குறையுள்ள வனச்சரகத்தில் செய்வது கடினம். சுருக்கு அதிகம் விழுவது இந்த இரண்டு வளையங்களில்தான் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்த முதல் கிலோமீட்டர்க்காரருக்கும் நான் சொல்வது: சுருக்கு வைத்தவர் புகார் கொடுக்கப் போக மாட்டார். வனவர் தோட்டத்துக்கு வந்து பார்ப்பதை அவர் விரும்ப மாட்டார். அதனால் அவருடைய இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஒரு ஊரில் இருபது பேர் இப்படி இருந்தால், அரசுக் கணக்கில் அந்த ஊரில் பன்றித் தொல்லையே இல்லை. குழு கூடாது, சுடவும் பிடிக்கவும் உத்தரவு வராது, இழப்பீடும் வராது.

இந்தக் கணக்கு இனி இன்னும் முக்கியமாகப் போகிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வன விலங்குகளால் வரும் சேதத்தையும் கூடுதல் காப்பீடாகச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. 2026 காரிஃப் பருவம் முதல் நடைமுறை. எந்தெந்த விலங்கு, எந்தெந்த மாவட்டம் என்ற பட்டியலை மாநில அரசு பழைய சேதப் பதிவுகளைப் பார்த்துத்தான் அறிவிக்க வேண்டும். பதிவே இல்லாத பகுதி பட்டியலில் எப்படி வரும்? சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள், இடக்குறியீட்டோடு எடுத்த படங்களைப் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் ஏற்ற வேண்டும் என்பதும் நிபந்தனை. செல்போனில் லொகேஷனை இயக்கிவிட்டு, சாய்ந்த பயிர், குளம்புத் தடம், கிளறிய மண், வேலி உடைந்த இடம் என நான்கைந்து படங்களாவது எடுங்கள். அதே நாளில் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் மனு கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையொப்பம் பெறுங்கள். அடங்கலில் இந்தப் பருவத்துப் பயிர் ஏறியிருக்கிறதா என்பதை விதைத்த மாதத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. சேதத்துக்குப் பிறகு ஓடினால் காரியம் ஆகாது.

குத்தகைக்காரர் நிலைதான் சிக்கல். பட்டா வேறொருவர் பெயரில், இழப்பு இவருக்கு. எழுத்தில் குத்தகை ஒப்பந்தம் போட நிலக்காரர்கள் தயங்குகிறார்கள். பருவத் தொடக்கத்திலேயே பேசி, சாகுபடிச் சான்றாவது வாங்கி வைப்பதைத் தவிர இப்போதைக்கு வேறு வழி தெரியவில்லை.

வயலில் செய்யக்கூடியதற்கு வருவோம். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. மக்காச்சோளத்தைச் சுற்றி மூன்று நான்கு வரிசை ஆமணக்கை நெருக்கி விதைத்தால் பயிர் வாசனை வெளியே போவது குறையும், தின்னவும் பிடிக்காது. மக்காச்சோளத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஆமணக்கை விதைத்தால்தான் வேளைக்கு உயரம் வரும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கந்தகமும் மண்ணெண்ணெயும் கலந்ததில் நனைத்த கயிற்றைச் சுற்றிக் கட்டுவதும் பலன் தரும், மழை பெய்தால் மறுபடி நனைக்க வேண்டும். எந்த வாசனையும் நாளடைவில் பழகிவிடும். ஆகவே விதைத்த நாளிலிருந்து கட்டாமல், கதிர் பால் பிடிக்கும்போது தொடங்குங்கள். பரண் காவலையும் அந்த ஐந்தாறு வாரத்துக்கு நாலைந்து தோட்டக்காரர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். சூரிய மின்வேலி போடுபவர்கள் கீழ்க்கம்பியைத் தரையிலிருந்து ஒரு அடிக்குள் வையுங்கள். அதற்கு மேலே போனால் பன்றி அடியில் நுழைந்துவிடும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் அதிர்ச்சியின் வேகம் குறையும், வாரம் ஒருமுறை செதுக்க வேண்டும். மானியம் உண்டா என்பதை வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் வேலியில் வேறு யாரோ வைத்த சுருக்கைப் பார்த்தால்? பேசாமல் விட்டுவிடாதீர்கள். அதில் ஏதாவது மாட்டினால் முதல் விசாரணை நிலத்துக்காரரிடம்தான். படம் எடுத்து வனத்துறைக்குச் சொல்லிவிட்டு அவர்கள் வந்து எடுக்கட்டும். விலங்கு மாட்டியிருந்தால் பக்கத்தில் போக வேண்டாம், கூட்டம் சேரவும் விட வேண்டாம். வலியில் இருக்கும் பன்றியே ஆளைக் குத்திக் கிழித்துவிடும், சிறுத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.