நாடகத்தைப் படித்தால் என்ன குற்றம்?

"நாடகம் பார்ப்பதற்கு. படிப்பதற்கு அல்ல."

இலக்கியம் பேசுகிற இடங்களில் அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு இது. யாராவது ஒரு அப்பாவி, நூலகத்தில் இப்சனையோ ஷேக்ஸ்பியரையோ எடுத்துப் படித்துவிட்டு, "முதல் இருபது பக்கம் மண்டை காய்ந்தது, அப்புறம் கீழே வைக்க முடியவில்லை" என்று சொல்லிவிட்டால் போச்சு. "படிச்சா எப்படிப் புரியும்? மேடையில பார்க்கணும் சார்" என்று ஒரு மேதாவி உடனே ஆஜராகிவிடுவார். அப்பாவி வாயை மூடிக்கொள்வார். அடுத்த நாடகத்தைத் தொடவும் மாட்டார். இந்தத் தீர்ப்பு இதுவரை சாதித்தது இவ்வளவுதான்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நாடகம் நடிப்பதற்காக எழுதப்படுவது. ஆகவே மேடையில் இருப்பதுதான் அசல், புத்தகத்தில் இருப்பது வெறும் எலும்புக்கூடு. ஆனால் நாடக சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினாலே இதன் சாயம் வெளுத்துவிடும். மேடை அசலைக் காட்டாமல் ஏமாற்றிய காலங்களும் உண்டு. அப்போதெல்லாம் அசலைக் காப்பாற்றி வைத்திருந்தது புத்தகமும், அதைப் படித்த சாதாரண ஜனங்களும்தான்.

முதல் சாட்சி 'கிங் லியர்'. ஷேக்ஸ்பியர் எழுதிய முடிவில், கடைசி மகள் கார்டீலியா தூக்கிலிடப்படுகிறாள். கிழட்டு அரசன் அவள் உடலைக் கைகளில் ஏந்தி வந்து கதறி, தானும் செத்துப்போகிறான். 1681இல் நேஹம் டேட் என்ற கவிஞர் இதைத் 'திருத்தி' எழுதினார். கார்டீலியா பிழைத்துக்கொள்கிறாள். எட்கரோடு கல்யாணம். லியருக்கு ராஜ்யம் திரும்பக் கிடைக்கிறது. சுபம்! அரசனுக்குச் சுருக்கென்று உண்மை சொல்லும் கோமாளியை டேட் நாடகத்திலிருந்தே தூக்கிவிட்டார். கிட்டத்தட்ட 150 வருஷம் ஆங்கில மேடைகளில் ஓடியது இந்தக் கூத்துதான். கோமாளியோடு சேர்த்து லியரை மேடைக்கு மீட்டுக் கொண்டுவந்தவர் மாக்ரெடி என்ற நடிகர். அது 1838இல்.

அதாவது, 1750இல் லண்டனில் காசு கொடுத்து நாடகம் பார்த்தவருக்குக் கார்டீலியா செத்தது மேடையிலிருந்து தெரிய வழியில்லை. வீட்டு மூலையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புத்தகம் படித்தவருக்குத் தெரியும். இதில் யாருக்கு 'அசல்' கிடைத்தது? மேதாவிகள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சாட்சி இப்சனின் 'பொம்மை வீடு'. இது புத்தகமாக வெளிவந்தது 1879 டிசம்பர் 4. கோபன்ஹேகனில் மேடையேறியது டிசம்பர் 21. முதலில் படித்தார்கள், 17 நாள் கழித்துத்தான் பார்த்தார்கள். அச்சடித்த 8000 பிரதிகளும் ஒரே மாதத்தில் தீர்ந்துபோயின. வாங்கியவர்கள் எல்லோரும் நாடக விற்பன்னர்களா என்ன?

அந்த நாடகத்தைப் புதிதாகக் கையில் எடுக்கிறவருக்கு முதல் அங்கத்தில் எரிச்சல்தான் வரும். புருஷன் டோர்வால்ட் பெண்டாட்டியை வானம்பாடி, அணில்குட்டி என்று கொஞ்சிக்கொண்டே இருக்கிறான். அவளோ அவனுக்குத் தெரியாமல் தின்பண்டம் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிறாள். "இதுக்கா இவ்வளவு பில்டப்பு?" என்று தோன்றும். புருஷன் உயிரைக் காப்பாற்றக் கடன் வாங்க, அவள் தன் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டிருக்கிறாள் என்று தெரியவரும்போது நிமிர்ந்து உட்கார வைக்கும். கடைசி அங்கத்தில் கடன் பத்திரம் திரும்பி வந்ததும், "நான் தப்பித்தேன்" என்கிற பாணியில் டோர்வால்ட் துள்ளுகிற இடம் இருக்கிறதே, அங்கே படிக்கிறவருக்கு ரத்தம் கொதிக்கும். நாம் தப்பித்தோம் என்று அவன் வாயில் முதலில் வரவில்லை. அந்தக் கொஞ்சல்களுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்பது அப்போதுதான் உறைக்கும். புத்தகம் என்பதால் உடனே முதல் அங்கத்துக்குத் திரும்பிப் போய், அதே வானம்பாடியை இன்னொரு முறை படித்துப் பல்லைக் கடிக்கலாம். அரங்கில் உட்கார்ந்திருப்பவரால் அது முடியாது.

இதிலும் மேடை தன் வேலையைக் காட்டியது. ஜெர்மனியில் நடிக்கவிருந்த நடிகை, குழந்தைகளை விட்டுவிட்டு நோரா வெளியேறுவதை ஏற்க மறுத்தார். அடுத்தவர்கள் கைவைத்து நாசம் செய்வதற்கு முன் தானே செய்துவிடலாம் என்று இப்சன் வேறு முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் நோரா, தூங்கும் குழந்தைகளின் அறை வாசலில் துவண்டு விழுகிறாள், திரை. அந்த முடிவைக் காட்டுமிராண்டித்தனம் என்று திட்டியவரும் இப்சனேதான். 1880இல் அந்த நடிகை நடித்து அந்த நாடகத்தை ஜெர்மனியில் பார்த்தவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட நோராவைப் பார்த்தார்கள். புத்தகம் படித்தவர்கள்தான் கதவு சாத்தப்படும் சத்தத்தைக் கேட்டார்கள்.

மூன்றாவது, பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்'. 1914இல் லண்டன் மேடையில் ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ, முடிவில் எலிசாவை நோக்கிப் பூங்கொத்தை வீசி, இருவருக்கும் காதல் என்று கோடி காட்டிவிட்டார். ஷாவுக்கு மகா கோபம். பிறகு புத்தகத்தோடு நீண்ட பின்கதை ஒன்றைச் சேர்த்து, எலிசா கட்டிக்கொள்வது ஹிக்கின்ஸை அல்ல, ஃப்ரெட்டியை என்று விளக்கமாக எழுதி வைத்தார். மேடையில் கெட்டுப்போனதைச் சரிசெய்ய நாடகாசிரியர் யாரிடம் போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். வாசகரிடம்தான்.

இவை எல்லாமே புத்தகம் அசலைக் காப்பாற்றிய கதைகள். சில நாடகங்களின் உயிரையே புத்தகம்தான் காப்பாற்றியது. 1837இல் 23 வயதில் இறந்துபோன பியூக்னரின் 'வொய்செக்' முதன்முதலில் மேடையேறியது 1913இல். படித்தவர்கள் இல்லையென்றால் அது என்றோ மண்ணாகியிருக்கும். பிரெஞ்சுக்காரர் முஸ்ஸே, 1830இல் தன் நாடகம் மேடையில் படுதோல்வி அடைந்ததும், "இனி சாய்வு நாற்காலியிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிற அர்த்தத்தில் தலைப்பு வைத்துப் படிப்பதற்கென்றே நாடகங்களை வெளியிட்டார். அவர் அப்படி எழுதிய நாடகங்கள் பின்னால் மேடைக்கே திரும்பி வந்தன.

இவ்வளவு ஏன்? அரிஸ்டாட்டிலே, ஈடிபஸ் கதையைக் கண்ணால் பார்க்காமல் காதால் கேட்டாலே உடல் நடுங்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். மேடை அலங்காரத்தைக் கலையின் கடைசி வரிசையில்தான் உட்கார வைத்தார். 2300 வருஷத்துக்கு முன்னால் முடிந்த வழக்கு இது!

அடுத்த ஜல்லி: "சரி, படிக்கட்டும். ஆனால் முறையாகப் படிக்க வேண்டும். சும்மா படித்துவிட்டுக் கருத்து சொல்லக்கூடாது."

இங்கேதான் பெரிய அநியாயம் நடக்கிறது. சோஃபோக்ளிஸின் ஈடிபஸை முதல் தடவை படிக்கும் யாருக்கும் தோன்றும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த ஆள் இவ்வளவு மக்கா?" தகப்பனைக் கொன்று தாயை மணப்பாய் என்று அசரீரி சொல்லியிருக்கிறது. அதற்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுகிறவன், வழியில் ஒரு கிழவரை அடித்துக் கொல்கிறான். போன ஊரில், ராஜாவை இழந்த ராணியைக் கட்டிக்கொள்கிறான். முந்தைய ராஜா எப்படிச் செத்தார் என்று அத்தனை வருஷமும் விசாரிக்கவே இல்லையா?

வகுப்பில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். "ஈடிபஸின் குறை யாது? கர்வம்" என்று கைடில் இருப்பதை எழுதினால் பத்து மார்க். ஆனால் அதே கேள்வியை 1719இல் வால்டேர் கேட்டார், பக்கம் பக்கமாக. லேயஸ் எப்படிச் செத்தார் என்று ஈடிபஸுக்குத் தெரியாமல் இருப்பது பொருந்தாத விஷயம்தான் என்று அரிஸ்டாட்டிலும் ஒப்புக்கொள்கிறார். அது நாடகத்தின் நிகழ்ச்சிகளுக்கு வெளியே இருப்பதால் பரவாயில்லை என்று சமாதானம் சொல்கிறார். நூலகத்தில் பொழுதுபோக்காகப் படித்தவரின் 'மொக்கைக் கேள்வி' அரிஸ்டாட்டில் பதில் சொல்லத் தகுந்த கேள்வி! அதை வாயிலேயே நசுக்கிவிட்டு, மனப்பாடம் செய்த கர்வத்தை எழுத வைப்பதற்குப் பெயர் கல்வியாம்.

அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு படித்தால்தான் நாடகமே திறக்கும். மனைவிக்கு உண்மை முதலில் புரிந்துவிடுகிறது. மேலே விசாரிக்காதே என்று கெஞ்சுகிறாள். அவனோ நிறுத்த மாட்டேன் என்கிறான். இத்தனை வருஷம் விசாரிக்காதவன், விசாரிக்கத் தொடங்கியபின் தன் தலையிலேயே இடி விழும் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. பயங்கரம் அங்கேதான் இருக்கிறது. கைடில் அது இல்லை.

மேடைக்கு ஒன்றுமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தில் இருவரும் மூன்று தொப்பிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் இடம், புத்தகத்தில் சில வரிக் குறிப்பு. படிக்கும்போது கண் தாண்டிப் போய்விடும். நடித்தால் அரங்கமே சிரிக்கும். செகாவ் நாடகங்களில் வரும் மௌனங்களும் அப்படித்தான்; தாளில் அது ஒரு சொல், மேடையில் நிஜமான அமைதி. இந்த நஷ்டத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அதே கோதோவை 1957இல் கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் சுமார் 1400 கைதிகள் முன் நடித்தார்கள். படித்த கூட்டம் பல ஊர்களில் கொட்டாவி விட்டு எழுந்துபோன நாடகம் அது. கைதிகள் அசையாமல் பார்த்தார்கள். காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் நோட்ஸ் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்தாலும் படித்தாலும், தன் வாழ்க்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிறவரின் எதிர்வினைக்கு மதிப்பு உண்டு என்பதுதான் அந்தச் சம்பவம் சொல்வது.

கடைசியாக ஒரு சாட்சி, வீட்டுக்குப் பக்கத்திலிருந்தே. பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வெளிவந்தது 1891இல். லிட்டன் என்ற ஆங்கிலேயரின் கதையை வைத்து எழுந்த செய்யுள் நாடகம். அதன் தொடக்க வாழ்த்துக்குத்தான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தினமும் பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். 2021இல் அது மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. வாழ்த்துக்குப் பிறகு ஒரு முழு நாடகம் இருக்கிறது, அதில் அரசனை ஏமாற்றும் குடிலன் என்ற அருமையான வில்லன் இருக்கிறான் என்பது பாடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மேடையில் யாராவது போடட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், எழுந்து நின்றதோடு சரி.

விருதுநகரிலோ வந்தவாசியிலோ இருக்கும் ஒரு மாணவிக்கு இப்சன் நாடகம் பார்க்க எங்கே வழி? நாடகக் குழு அவள் ஊருக்கு வராது. சென்னைக்குப் போய் நாடகம் பார்க்க வீட்டில் விட மாட்டார்கள். அவளிடம் இருப்பது நூலகத்து அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றுதான். "படித்தால் புரியாது" என்று அவளிடம் சொல்வது ரசனை அல்ல, கதவைச் சாத்துவது. நோரா வெளியே போவதற்குச் சாத்திய கதவு வேறு; இது உள்ளே வருகிறவர் முகத்தில் சாத்தும் கதவு.

முன்னுரையைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம். பாத்திரங்களின் பெயர் குழம்பினால் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்தால் ஆளுக்கொரு பாத்திரமாக உரக்கப் படிக்கலாம். டோர்வால்டாகப் படிக்கிறவனுக்கு மூன்றாம் அங்கத்தில் நல்ல திட்டு விழும். போர் அடித்தால் போர் என்று சொல்லலாம், ஷேக்ஸ்பியர் கோபித்துக்கொள்ள மாட்டார். மேடையில் பார்க்கும் வாய்ப்பு ஒரு நாள் வந்தால் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். கார்டீலியாவை உயிரோடு விட்டுவிட்டார்களா என்று அப்போது அவர்களால்தான் கண்டுபிடிக்க முடியும்.