கறுப்பு இழை

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவால் புகழ்பெற்ற ஊர். மணப்பட்டு என்றால் அரக்கும் மஞ்சளும் பச்சையுமே நினைவுக்கு வரும். முழுக் கறுப்பு அரிது. மங்கல விழாவுக்குக் கறுப்பு ஆகாது என்பது பலரது நம்பிக்கை. ஆயினும், வளைகாப்பு நாளில் கருவுற்ற பெண்ணுக்குக் கறுப்புப் பட்டு உடுத்தி மகிழும் வழக்கம் தமிழகக் குடும்பங்கள் சிலவற்றில் உண்டு. அதற்கு 'மசக்கைக் கறுப்பு' என்றே பெயர். ஒரே நிறம் ஓரிடத்தில் விலக்கப்படுகிறது, வேறோரிடத்தில் போற்றப்படுகிறது. எனவே, மங்கலமும் அமங்கலமும் நிறத்தில் இல்லை; மனிதர் அதற்கு அளிக்கும் பொருளிலேயே உள்ளன.

துணியின் நிறத்துக்குரிய இவ்வுண்மை தோலின் நிறத்துக்கும் பொருந்தும். கருமையை வெறுத்த மரபன்று தமிழ் மரபு. முல்லை நிலத் தெய்வத்தை மாயோன் என்கிறது தொல்காப்பியம். சங்கத் தலைவியின் அழகு, மாந்தளிர் போன்ற மாமை நிறம். அதனை வெளிறச் செய்யும் பசலையோ பிரிவுத் துயரின் அடையாளம். அம்மரபில் வந்தோர் இன்று மணமகள் தேடும் விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று எழுதுகின்றனர். 'கறுத்த பெண்ணுக்கு இச்சேலை எடுக்காது' என்னும் சொல் துணிக்கடையில் இயல்பாக ஒலிக்கிறது. கேட்கும் பெண்ணின் மனத்தில் அது தழும்பாகிறது.

அமெரிக்காவில் கறுப்பு நிறம் அடிமை முத்திரையாக்கப்பட்டது. 1865இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்த பின்னும் இழிவு ஒழியவில்லை. 1960களில் அம்மக்கள், பழிச்சொல்லாக இருந்த 'கறுப்பர்' என்பதையே பெருமைக்குரிய பெயராக ஏற்றனர். கறுப்பே அழகு என முழங்கினர். 1966இல் அங்குத் தோன்றிய கருஞ்சிறுத்தைக் கட்சி, 1972இல் மும்பையில் எழுந்த தலித் சிறுத்தைகள் இயக்கத்துக்கு ஊக்கமாயிற்று. தமிழகத்தில் பெரியார் 1945இல் கருஞ்சட்டைப் படையை அமைத்து, இழிவைச் சுட்டும் நிறத்தை எதிர்ப்பின் நிறமாக்கினார். இனமும் சாதியும் வேறுவேறு. ஒருவரின் சாதியைத் தோலின் நிறம் காட்டாது. எனினும், பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் பிழை இரண்டுக்கும் பொது.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970களில் கறுப்பின இளைஞர் முன்னின்று வளர்த்த ஹிப்ஹாப் இசை, இன்று தமிழிலும் ஒலிக்கிறது. 2020இல் ஜார்ஜ் பிளாய்டு காவலர் பிடியில் உயிரிழந்தபோது உலகெங்கும் எதிர்ப்புக்குரல் எழுந்தது. அவ்வாண்டில் இந்திய முகப்பூச்சு ஒன்று, வெண்மையைக் குறிக்கும் சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கியது. இவை வரவேற்கத்தக்கனவே. ஆயினும், சந்தை விற்கும் கறுப்பு வேறு. வாழ்வு ஏற்கும் கறுப்பு வேறு. கறுப்பர் இசையை ஏற்ற செவிகள் உண்டு. வீட்டுப் பெண்ணின் கருமையை ஏற்கும் கண்கள் உண்டா?

நிறத்தைத் தெரிவது தனிமனித விருப்பம் என்பர் சிலர். சேலைக்கு அது பொருந்தும். ஒரு பெண்ணின் கல்வியையும் பண்பையும் பின்தள்ளி நிறம் முன்னிற்குமாயின், அது விருப்பமன்று, அநீதி.

தறியில் கறுப்பு இழை, அருகிலுள்ள இழையின் ஒளியைக் குறைப்பதில்லை, துலக்குகிறது. கறுப்புக்கு இழிபொருளை நெய்தவர் மனிதரே. அதனைப் பிரித்துப் புதிதாய் நெய்யவும் மனிதரால் இயலும். அந்நெசவு, வீட்டில் பேசும் ஒரு சொல்லை மாற்றுவதில் தொடங்க வேண்டும்.