நெய்வேலியில் பாலுக்கு வேலி!

தோழரே!

நெய்வேலி என்றதும், நெய்க்கு வேலியிட்ட ஊர் போலும் என்று வெளியூரார் வேடிக்கை பேசுவதுண்டு. நெய்க்கு இங்கே வேலி ஏதும் இல்லை. காசுள்ளவன் கடையில் வாங்கிக் கொள்ளலாம். வேலி போடப்பட்டிருப்பது பாலுக்கு! பால்காரர் ஊற்றும் பாலுக்கு அல்ல, பெற்றவளின் பாலுக்கு!

மாநில உரிமை கிடக்க, நிதிப் பங்கீடு கிடக்க, ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையில் இவன் மழலைக்குப் பால் புகட்டும் கதையை எடுத்துக் கொண்டானே என்று நீ முகம் சுளிப்பாய். நானும் ஒரு மாதத்துக்கு முன்பு அப்படித்தான் சுளித்திருப்பேன். என்னைத் திருத்தியவர் ஒரு பெண். துடைப்பம் பிடித்த கையும், இடுப்பில் குழந்தையுமாக வந்த பெண்.

சென்ற மாதம் நெய்வேலியில் என் நாடகம் ஒன்று அரங்கேறியது. மூன்றாம் காட்சியில் புறநானூற்றுத் தாய் வருகிறாள். போரில் புறமுதுகு காட்டி மாண்டான் உன் மகன் என்று யாரோ சொல்ல, அது உண்மையாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வாளேந்திக் களம் புகுந்து, மார்பிலே புண்பட்டுச் சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிதாக மகிழ்ந்தாளே, காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டிய தாய், அவள்தான். மேடைதோறும் நாம் முழங்கும் காட்சி. எனக்கும் அந்த வசனத்தில் சிறிது செருக்குண்டு. கைதட்டல் அடங்க அரை நிமிடம் ஆயிற்று.

திரை விழுந்த பிறகு அந்தப் பெண் வந்தார். ஓர் ஒப்பந்ததாரரிடம் துப்புரவு வேலை. எந்த ஒப்பந்ததாரர், எந்த வளாகம் என்பது இங்கே வேண்டாம். ஊருக்கு ஊர் உண்டு அந்த உத்தமர்கள். அவர் கேட்டார்:

“அண்ணே, அந்தக் காலத்து அம்மா மகனுக்குப் பால் குடுத்தாங்க, சரி. சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டா குடுத்தாங்க?”

எத்தனையோ மேடையில் எதிரிகளின் கேள்விக்கு உடனுக்குடன் பதிலடி தந்தவன் நான். அன்று வாயடைத்து நின்றேன், தோழரே!

அவர் சொன்னது இது. குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினார். காலை 6 மணிக்கு வேலை தொடக்கம். குழந்தை கிராமத்தில் பாட்டியிடம். 9 மணிக்கெல்லாம் மார்பு கல்லாய்க் கட்டும். கழிப்பறைக்குப் பின்புறம் போய்ப் பாலைப் பீய்ச்சி மண்ணில் விடுவார். ஒருநாள் காய்ச்சல் கண்டது. வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்து வர ஒரு மணி நேரம் கேட்டார். அரை நாள் கூலியைப் பிடித்துக் கொண்டார்கள். மறுநாள் முதல் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் சுரப்பு குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. அடுத்து வந்தது மாவுப்பால் டப்பா. வாரக் கூலியில் பாதியை அது விழுங்கிற்று. ஆகவே இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி. குழந்தையின் வயிறு நிறைந்தது, உடல் நிறையவில்லை.

தாய்ப்பால் குடத்தில் நிரப்பி வைத்த நீர் அன்று, மாலை வந்து மொண்டு கொள்ளலாம் என்பதற்கு. குழந்தை குடிக்கக் குடிக்கச் சுரப்பது; குடிக்க ஆளின்றித் தேங்கினால், போதும் என்று உடலே மதகை மூடிவிடும். மருத்துவ நூல் படித்தவர் இதற்குச் சுரப்பு நீர்களின் பெயர்களை எல்லாம் சொல்வார்கள். கழனியில் நிற்கும் கிழவிக்கும் தெரிந்த செய்தி இது.

நெய்வேலிப் பொறியாளருக்கு இது புரியாததா? 1935இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிவந்தது. 1956இல் நிறுவனம் பிறந்தது. 1961இல் பழுப்பு நிலக்கரி முகம் காட்டியது. இடையில் அவர்களை அச்சுறுத்திய பகைவன் யார்? நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடந்த நீர்! அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே பெயர்ந்து பொங்கிவிடும். ஆகவே இறைக்கிறார்கள், ஓயாமல் இறைக்கிறார்கள். பொங்கலுக்கும் விடுமுறையில்லை, தீபாவளிக்கும் விடுமுறையில்லை அந்த இயந்திரங்களுக்கு. மண்ணின் மடியில் அழுத்தம் ஏறினால் மணிக்கணக்குப் பார்த்து இறைக்கத் தெரிந்த நாடு, மங்கையின் மார்பில் பால் கட்டினால் மட்டும் மணியடிக்கும் வரை பொறு என்கிறது!

சட்டமே இல்லையோ என்பாய். இருக்கிறது தோழரே, அடுக்கடுக்காய் இருக்கிறது. வேலை நேரத்திலேயே நாளுக்கு இருமுறை, அரை மணி வீதம் பாலூட்ட விட வேண்டும் என்று 1919இலேயே வாஷிங்டனில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு உடன்படிக்கை எழுதியது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாள்தோறும் இரண்டு இடைவேளை என்றது. எவ்வளவு நேரம்? 1963இல் விதி வகுத்தார்கள். அந்த விதி நூலின் பெயரைக் கேள்: மகப்பேறு நல விதிகள், சுரங்கங்களுக்கும் சர்க்கஸுக்கும்! இரண்டையும் ஒரே நூலில் கட்டிய அதிகாரி நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருந்திருக்க வேண்டும். அதில் இடைவேளை 15 நிமிடம். காப்பகம் போய் வர ஐந்து முதல் பதினைந்து நிமிடம் கூடுதல். 1966இல் சுரங்கங்களுக்கென்றே குழந்தைகள் காப்பக விதிகள். 2017இல் திருத்தம்: 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் காப்பகம், நாளுக்கு நான்கு முறை தாய் அங்கே சென்று வரலாம். 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இவற்றைப் புத்தகத்தில் வைத்திருக்கிறது.

புத்தகத்தில் வைத்திருக்கிறது! பூட்டி வைத்திருக்கிறது என்று படித்தாலும் பிழையில்லை.

நெய்வேலி நகரியத்தில் நிரந்தரத் தொழிலாளிக்கு வீடுண்டு, மருத்துவமனையுண்டு, பள்ளியுண்டு. போராடிப் பெற்றவை, வாழட்டும். ஆனால் அவரோடு தோளுரசி உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் பல ஆயிரம் பேர். 26 வார விடுப்புக்கு, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்ததற்குப் பதிவேடு சான்று கூற வேண்டும். நாடெங்கும் ஒப்பந்த முறையின் சூழ்ச்சியே பதிவேட்டில்தான் இருக்கிறது. ஒப்பந்தம் கை மாறும், முதலாளி பெயர் மாறும், வருகைப் பட்டியல் புதிதாகும். துடைப்பமும் மாறாது, துடைக்கும் கையும் மாறாது. எழுதப்படாத பெயருக்கு எந்தச் சட்டம் துணை வரும்? 2019இல் திறந்தவெளிச் சுரங்கங்களில் பெண்கள் இரவிலும் பணிபுரியலாம் என்று மைய அரசு ஆணையிட்டது. வேலை வாய்ப்பு பெருகட்டும், வரவேற்கிறேன். இரவு ஒரு மணிக்குப் பசித்து அழும் கைக்குழந்தைக்கு எந்தக் கதவு திறந்திருக்கும் என்பதையும் அந்த ஆணையோடு சேர்த்துக் கேட்க வேண்டியது நம் கடமை.

இனி, டப்பா வணிகரின் திருவிளையாடல். கண்ணனுக்கு நஞ்சுப்பால் கொடுக்கப் பூதனை வந்தாள் என்று புராணிகர் கதை சொல்வார். நான் பார்த்த பூதனை கோட்டும் சூட்டும் அணிந்தவள். கையில் விளம்பரப் பலகை வைத்திருப்பவள். 1939இலேயே சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவ அம்மையார் சிங்கப்பூரில், சுழற்கழகத்துச் சீமான்களின் முன்னிலையில், ஏழைக் குழந்தைகளைப் புட்டிப்பாலுக்கு இழுக்கும் விளம்பரத்தைக் கொலையென்றே குற்றஞ்சாட்டினார். 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் கிளர்ச்சி மூண்டது. 1981இல் உலக நலவாழ்வுப் பேரவை, டப்பா வணிகருக்குக் கடிவாளம் போடும் நெறிமுறையை 118 நாடுகளின் வாக்கோடு நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு எது தெரியுமா? அமெரிக்கா! இந்தியாவிலே 1992இல் சட்டம் வந்தது, 2003இல் இறுகியது. விளம்பரம் கூடாது, இலவச டப்பா கூடாது, டப்பா மீது கொழுகொழுக் குழந்தைப் படம் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் விளம்பரத்தைத் தடுத்த சட்டத்தால், அந்தத் தாய் டப்பா வாங்கும் கட்டாயத்தைத் தடுக்க முடியவில்லையே! அவரை டப்பாவிடம் துரத்தியது விளம்பரமா? இல்லை. அரை நாள் கூலி வெட்டு!

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பால் சுரக்காத தாயும் உண்டு, நோயுற்ற தாயும் உண்டு. மருத்துவர் சொல்லி மாவுப்பால் தருபவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அறமன்று. “இந்தக் காலத்துப் பெண்களுக்கு அழகு போய்விடும் என்ற கவலை” என்று மேடையில் நையாண்டி பேசும் நண்பர்கள் நம்மிலும் சிலர் உண்டு. அவர்கள் ஒருநாள் காலை 6 மணிக்கு வேலைக்களத்தின் வாயிலில் வந்து நின்று, உள்ளே போகும் பெண்களிடம் அந்த அழகுக் கவலையைப் பற்றிக் கேட்டுப் பார்க்கட்டும்!

அரசுகள் ஏதும் செய்யவில்லையா? செய்திருக்கின்றன. மாற்றார் செய்தது என்பதற்காக மறைப்பது அண்ணா நமக்குக் கற்றுத்தந்த பண்பன்று. 2015 ஆகஸ்டில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா, பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகளைத் திறந்தார். அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகளும் வந்தன. நல்ல செயல். அந்த அறைகளில் சிலவற்றில் பூட்டுத் தொங்குவதையும், சிலவற்றில் துடைப்பமும் வாளியும் குடியிருப்பதையும் நான் கண்டிருக்கிறேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2021இல் நம் கழக அரசு, அரசு ஊழியரான தாய்க்கு மகப்பேறு விடுப்பை 9 மாதத்திலிருந்து 12 மாதமாக்கியது. பெருமைதான். ஆனால் பெருமையோடு நிறுத்திக் கொண்டால், அதே அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தாய் நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டாளா?

டெல்லியின் கணக்கோ தனி. மகப்பேற்று உதவி 6,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதிற்று. 2017இல் திட்டம் வந்தது, தொகை 5,000, அதுவும் முதல் குழந்தைக்கு மட்டும்! பிறகு 2022இல், இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் 6,000 என்றார்கள். பிறக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்த்துப் பசிக்குமோ குழந்தைக்கு? நம் தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 2006இல் 6,000 ரூபாயாகவும், பின்னர் படிப்படியாக 18,000 ரூபாயாகவும் உயர்ந்ததை எண்ணிப் பார்.

ஆயினும் நம் வீட்டு முற்றத்தையும் நாம் பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிள்ளைகள் மருத்துவமனையில் பிறக்கின்றன. இந்தியாவே வியக்கும் சாதனை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகளோ நூற்றுக்கு 55 அளவில்தான். இந்தியச் சராசரி 64! பிறப்பில் முதல் வரிசை, பாலில் பின் வரிசை. நூற்றுக்கு 45 மகப்பேறு அறுவை மூலம் நடப்பதும் காரணங்களுள் ஒன்று. கத்திபட்ட வயிற்றோடு முதல் மணி நேரத்தில் பாலூட்ட, உடனிருந்து உதவ ஒரு கை வேண்டும். பெண்கள் வேலைக்குப் போகும் மாநிலம் இது என்பதும் காரணம். வேலைக்குப் போகாதே என்பது பழமைவாதியின் பதில். பெரியார் வழிவந்தவன் அந்தப் பதிலைச் சொல்ல முடியுமா? வேலையும் அவளுக்கு, பிள்ளையும் அவளுக்கு. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைக்க வேண்டியவன் முதலாளி, தவறினால் தட்டிக் கேட்க வேண்டியது அரசு.

ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வாரம் தாய்ப்பால் வாரம். சுவரொட்டி ஒட்டுவார்கள், தாய்ப்பாலே அமுதம் என்பார்கள், தாயே தெய்வம் என்பார்கள். சீர்காழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்குப் பொற்கிண்ணத்தில் ஞானப்பால் கொண்டு வந்தாள் உமை என்று கதை சொல்லி விழா எடுப்போர் நம் நாட்டில் உண்டு. குளக்கரையில் அழுத பிள்ளைக்கு இத்தனை விழா. குடிசைக்குள்ளே அழுகிற பிள்ளையின் தாய்க்கு அரை மணி நேரம் கிடையாது! தெய்வமாக்கிவிட்டால் கூலி கேட்க மாட்டாள், ஓய்வு கேட்க மாட்டாள் என்ற கணக்கு அவர்களுடையது.

இந்த ஆண்டு நாம் சுவரொட்டி ஒட்ட வேண்டாம். ஒரு பட்டியல் எடுப்போம். நெய்வேலி நகரிய வட்டங்களிலும், மந்தாரக்குப்பத்திலும், சுற்றியுள்ள சிற்றூர்களிலும் உள்ள கிளைக் கழகத்தார் இருவர் இருவராகப் புறப்படுங்கள். ஒருவர் கட்டாயம் மகளிரணித் தோழியாக இருக்கட்டும். ஒப்பந்த வேலைக்குப் போகும் தாய்மார் எத்தனை பேர்? 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை எத்தனை பேருக்கு? வேலை செய்யும் இடத்திலிருந்து காப்பகம் எத்தனை நிமிட நடை? காப்பகத்தின் கதவு ஒப்பந்தத் தாய்க்கும் திறக்கிறதா, இரவிலும் திறக்கிறதா? வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது? பாலூட்டப் போன நேரத்துக்குக் கூலி பிடித்தார்களா? இவ்வளவுதான் கேள்விகள். பெயரை வெளியிட மாட்டோம் என்று முதலிலேயே உறுதி கூறுங்கள். வேலை போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு, அது பொய்யச்சம் அன்று.

பட்டியலை ஆகஸ்டு முதல் தேதிக்குள் தொழிற்சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். நிறுவனத்தாரிடமும், மைய அரசின் தொழிலாளர் ஆணையரிடமும் அதை நேரில் கொடுக்கப் போகிறோம். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதை வழக்கறிஞர் அணித் தோழர்கள் எழுதித் தருவார்கள். நாடகத்தின் மூன்றாம் காட்சியை நான் மாற்றி எழுதிக் கொண்டிருக்கிறேன். புறநானூற்றுத் தாய் இருக்கிறாள்; அவளுக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு இன்னொருத்தியும் வந்து நிற்கிறாள். அவளுக்கு ஒரே ஒரு வசனம். அதை எழுதியவன் நானல்லன்.